கார் மோதிக் காயமடைந்த விவசாயி இழப்பீடு பெறுவது எப்படி?

விடியற்காலையில் பால் கேனை மொபெட்டில் கட்டிக்கொண்டு சங்கத்துக்குப் போகும் விவசாயியும், கரும்பு வண்டியை ஆலைக்கு ஓட்டிச் செல்பவரும், மேய்ச்சல் முடிந்து மாடுகளைச் சாலையோரமாகத் திருப்பி வருபவரும் இன்று ஒரே ஆபத்தை எதிர்நோக்குகின்றனர். வயல்களுக்கு நடுவே அகலமான சாலைகள் வந்துவிட்டன. அவற்றில் கார்கள் விரையும் வேகமும் கூடிவிட்டது. பின்னால் வந்த கார் மோதி, எந்தத் தவறும் செய்யாத விவசாயி கால் முறிந்து கிடப்பது கிராமங்களில் அடிக்கடி கேள்விப்படும் செய்தி.

மாதச் சம்பளக்காரருக்குக் கால் முறிந்தால் விடுப்பு உண்டு. சிறு விவசாயிக்குக் கால் முறிந்தால் ஒரு போகமே கைவிட்டுப் போகும். நாற்றங்காலில் நாற்று முற்றிவிடும். கறவை மாட்டுக்குத் தீவனம் அறுக்க ஆள் இருக்காது. சிகிச்சைச் செலவுக்கு நகை அடகுக்குப் போகும். இந்த நெருக்கடியில் கார் உரிமையாளர் பத்தாயிரமோ இருபதாயிரமோ கொடுத்து, "இனி கேஸ் வேண்டாம்" என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிச் செல்கிறார். ஆறு மாதம் கழித்துக் காலில் வைத்த பிளேட்டை எடுக்க மறு அறுவை சிகிச்சை தேவைப்படும்போதுதான் அந்தத் தொகை எவ்வளவு குறைவு என்பது தெரியவருகிறது.

பிறர் தவறால் நேர்ந்த விபத்துக்கு இழப்பீடு பெறுவது விவசாயியின் உரிமை. அது யாருடைய இரக்கத்தையும் பொறுத்ததன்று. ஆனால் எவ்வளவு கிடைக்கும் என்பது பெரும்பாலும் அவர் சேர்த்து வைக்கும் காகிதங்களையே பொறுத்தது. அவற்றுள் முக்கியமானவை விபத்துக்கு முன்பே அவர் வீட்டில் இருக்க வேண்டியவை.

பணம் தருவது யார்?

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, பொதுச் சாலையில் ஓடும் ஒவ்வொரு மோட்டார் வாகனத்துக்கும் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம். "மூன்றாம் நபர்" என்பது அந்த வாகனத்தால் பாதிக்கப்பட்ட வெளியாளைக் குறிக்கும். கார் மோதிக் காயமடைந்த விவசாயி அந்தக் காரைப் பொறுத்தவரை மூன்றாம் நபர். எனவே அவருக்குரிய இழப்பீட்டைக் காரின் இன்சூரன்ஸ் கம்பெனி செலுத்த வேண்டும். விவசாயி தன் பெயரில் எந்த இன்சூரன்சும் எடுத்திராவிட்டாலும் இந்த உரிமை உண்டு. நடந்து சென்றவர், சைக்கிளில் சென்றவர், மாட்டுவண்டி ஓட்டியவர் எல்லாருக்கும் இது பொருந்தும்.

காரை ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லை என்று கம்பெனி கைவிரித்தாலும் மனம் தளர வேண்டியதில்லை. இத்தகைய பல வழக்குகளில், முதலில் பாதிக்கப்பட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பின்னர் வாகன உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளுமாறு நீதிமன்றங்கள் கம்பெனிக்கு உத்தரவிட்டுள்ளன. காருக்கு இன்சூரன்சே இல்லையென்றால் உரிமையாளரே பொறுப்பு.

விபத்து நடந்த இடத்தில்

முதலில் உயிரைக் காக்க வேண்டும். 108 ஆம்புலன்சை அழைத்துக் காயமடைந்தவரை அனுப்பிய பின், உடன் இருக்கும் உறவினரோ ஊராரோ கீழ்க்கண்டவற்றைச் செய்தல் நலம்.

1. காரின் பதிவு எண்ணை உடனே குறித்துக்கொள்ள வேண்டும். எண் கிடைத்தால் அரசின் எம்-பரிவாகன் செயலியில் அதன் இன்சூரன்ஸ் நடப்பில் உள்ளதா என்று பார்க்கலாம்.

2. கைப்பேசியில் படம் எடுக்க வேண்டும். கார் நின்ற இடம், மொபெட்டோ வண்டியோ விழுந்து கிடந்த இடம், சாலையில் டயர் தேய்ந்த தடம், சிதறிய கண்ணாடி, அருகிலுள்ள மைல்கல் அல்லது பாலம் ஆகியவை படத்தில் தெரிய வேண்டும். வாகனங்களை நகர்த்துவதற்கு முன் எடுத்த படமே பயன்படும்.

3. நேரில் பார்த்தவர்களின் பெயரும் கைப்பேசி எண்ணும் தேவை. பக்கத்து வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள், டீக்கடைக்காரர், பேருந்துக்குக் காத்திருந்தவர் ஆகியோரே நல்ல சாட்சிகள். அருகில் பெட்ரோல் பங்க் அல்லது கடையில் கேமரா இருந்தால் போலீசாரிடம் அதைச் சொல்ல வேண்டும். சில நாட்களில் பதிவு அழிந்துவிடும்.

4. போலீஸ் நிலையத்தில் புகார் தர வேண்டும். புகார் கொடுத்ததற்குச் சி.எஸ்.ஆர். ரசீது வாங்க வேண்டும். வழக்குப் பதிவானதும் முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறுவது புகார் கொடுத்தவரின் உரிமை. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள சட்டப்படி, எந்தப் போலீஸ் நிலையத்திலும் புகாரைப் பதியலாம்.

புகாரில் கார் எந்தத் திசையிலிருந்து வந்தது, விவசாயி சாலையின் எந்தப் பக்கம் சென்றார், எப்படி மோதியது என்பதைத் தெளிவாக எழுத வேண்டும். "எதிர்பாராமல் விபத்து ஏற்பட்டது" என்று பொதுவாக எழுதினால் யார் தவறு என்பது விளங்காது. மோதாத வேறொரு வண்டியை, அதற்கு இன்சூரன்ஸ் இருக்கிறது என்பதற்காக மோதியதாகக் காட்டச் சொல்லும் தரகர்களும் உண்டு. அது குற்றம். மனு தள்ளுபடியாவதுடன் விவசாயியே வழக்கில் சிக்க நேரும்.

மருத்துவமனையில்

மருத்துவமனையில் எழுதப்படும் விபத்துப் பதிவேட்டு நகல், அதாவது "ஏ.ஆர். காப்பி", பின்னர் மிகவும் தேவைப்படும். அதில் "கார் மோதியதால்" என்று எழுதப்பட்டுள்ளதா எனப் பார்க்க வேண்டும். பதற்றத்தில் உறவினர் "வண்டியிலிருந்து விழுந்துவிட்டார்" என்று சொன்னால் அதுவே பதிவாகிவிடும். தானாக விழுந்தவருக்கு ஏன் இழப்பீடு என்று கம்பெனி கேட்க அது இடம் தரும்.

சிகிச்சைக்குப் பணம் இல்லை என்று தாமதிக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48" திட்டம் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சையை இலவசமாக்கியது. 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த திட்டத்தின்படி, சாலை விபத்தில் காயமடைந்த ஒருவருக்கு விபத்து நாளிலிருந்து 7 நாட்கள் வரை, ரூ.1.5 லட்சத்துக்கு மேற்படாமல், இத்திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் கட்டணமின்றிச் சிகிச்சை உண்டு.

மருந்துச் சீட்டு, பில், ஸ்கேன் படம், டிஸ்சார்ஜ் சுருக்கம் எல்லாவற்றையும் அசலாக ஒரு பாலித்தீன் உறையில் போட்டு வைக்க வேண்டும். மருத்துவமனைக்குப் போய்வந்த ஆட்டோ வாடகை, துணைக்கு இருந்தவரின் செலவு, சத்துணவுச் செலவு ஆகியவற்றையும் தேதி வாரியாக எழுதி வைக்கலாம். இவற்றுக்கும் இழப்பீடு உண்டு.

அவசரக் கையெழுத்து வேண்டாம்

காயம் முழுதும் ஆறும் முன் எவ்வளவு இழப்பு என்று எவராலும் சொல்ல முடியாது. எலும்பு கூடுமா, மூட்டு மடங்குமா, மறு அறுவை சிகிச்சை தேவையா என்பதெல்லாம் சில மாதங்கள் கழித்தே தெரியும். ஆகவே மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருக்கும்போது வெற்றுத் தாளிலோ, படித்துப் பார்க்காத தாளிலோ கையெழுத்தும் கைரேகையும் வைக்கக் கூடாது. கார் உரிமையாளர் அவசரச் செலவுக்குப் பணம் தந்தால், "சிகிச்சைச் செலவுக்காக மட்டும் பெற்றுக்கொண்டது" என்று எழுதியே ரசீது தர வேண்டும்.

மருத்துவமனை வாசலில் வந்து, "கிடைப்பதில் இத்தனை பங்கு" என்று பேரம் பேசும் தரகர்களிடமும் எச்சரிக்கை தேவை. கிடைக்கும் தொகையில் பங்கு என்று வழக்கறிஞர் கட்டணம் பேசுவது பார் கவுன்சில் விதிகளுக்கே முரணானது. ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவும், தாலுகா அளவில் சட்டப் பணிகள் குழுவும் உள்ளன. பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோருக்கு அங்கே இலவசமாக வழக்கறிஞர் உதவி கிடைக்கும். 15100 என்ற தொலைபேசி எண்ணில் ஆலோசனை கேட்கலாம்.

விவசாயியின் வருமானத்தை மெய்ப்பிப்பது எப்படி?

இழப்பீட்டுக் கணக்கின் அடிப்படை, பாதிக்கப்பட்டவரின் மாத வருமானம். அலுவலகத்தில் வேலை செய்பவர் சம்பளச் சான்றைக் காட்டிவிடுவார். வியாபாரி வருமான வரி ரிட்டர்னைக் காட்டுவார். வேளாண்மை வருமானத்துக்கு வருமான வரி இல்லாததால் பெரும்பாலான விவசாயிகள் ரிட்டர்ன் தாக்கல் செய்வதில்லை. கையில் சான்று இல்லாதபோது, ஒரு கூலியாளின் வருமானம் என்று உத்தேசமாக ஒரு தொகையைத் தீர்ப்பாயம் எடுத்துக்கொள்கிறது. அது விவசாயியின் மெய்யான வருமானத்தைவிடக் குறைவாக இருக்கக்கூடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. "காயமடைந்தாலும் இறந்தாலும் நிலம் அப்படியேதானே இருக்கிறது? குத்தகைக்கு விட்டாலும் வருமானம் வருமே?" என்று கம்பெனி தரப்பில் வாதிடுவார்கள். 2003இல் உச்ச நீதிமன்றமும் ஒரு விவசாயியின் வழக்கில், நிலம் வாரிசுகளிடமே இருப்பதால் வேளாண் வருமானம் முழுவதும் இழப்பாகிவிடாது, சூழ்நிலைகளைப் பார்த்தே கணக்கிட வேண்டும் என்று கூறியது. எனவே நிலம் தரும் வருமானத்தைக் காட்டுவது மட்டும் போதாது. விவசாயியின் உடலுழைப்பும் மேற்பார்வையும் தந்த வருமானத்தையும் தனியே காட்ட வேண்டும். இதற்கு உதவும் சான்றுகள் பெரும்பாலும் வீட்டிலேயே உள்ளன.

நிலத்துக்கு: பட்டா, சிட்டா, சாகுபடி செய்த பயிர் விவரமுள்ள அடங்கல். குத்தகைக்கு உழுபவர் தம் பெயரில் சாகுபடி நடந்ததைக் காட்டும் அடங்கல் அல்லது குத்தகை ரசீதை வைத்திருத்தல் அவசியம்.

விளைச்சலுக்கு: நேரடி நெல் கொள்முதல் நிலைய ரசீது, ஒழுங்குமுறை விற்பனைக்கூடச் சீட்டு, சர்க்கரை ஆலையின் கரும்புப் பதிவும் பட்டுவாடாச் சீட்டும், உழவர் சந்தை அடையாள அட்டை, மண்டிக் கணக்குச் சீட்டு.

கறவை மாட்டுக்கு: பால் கூட்டுறவுச் சங்கத்தின் பால் அட்டை, பட்டுவாடாப் பணம் ஏறிய வங்கிப் புத்தகம். சிறு விவசாயிகளின் கையிலுள்ள சான்றுகளில் இதுவே மிக வலுவானது. ஏனெனில் தேதியும் அளவும் தொகையும் விபத்துக்கு முன்பே எழுதப்பட்டவை.

கடனுக்கு: தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் பயிர்க்கடன் புத்தகம், கிசான் கடன் அட்டைக் கணக்கு.

உழைப்புக்கு: வரவு செலவு நோட்டு. பள்ளிக்கூட நோட்டு ஒன்று போதும். தேதி, செய்த வேலை, கூலியாள் எத்தனை பேர், கொடுத்த கூலி, விற்ற பொருள், வந்த பணம் என்று ஆறு கட்டம் போட்டுத் தினமும் இரண்டு வரி எழுதலாம். உழவு, வரப்பு வெட்டுதல், நீர் பாய்ச்சுதல், மருந்தடித்தல் ஆகியவற்றில் "சொந்த ஆள்" என்று எழுதிய இடங்களே விவசாயியின் உழைப்புக்குச் சாட்சி. இந்த நோட்டு பயிர்ச் செலவைக் குறைக்கவும் உதவும் என்பதால் எப்படியும் நஷ்டமில்லை.

விபத்துக்குப் பின் இந்த நோட்டை நிறுத்திவிடக் கூடாது. முன்பு தானே செய்த வேலைக்கு இப்போது யாரை வைத்தார், எத்தனை நாள், என்ன கூலி என்பதை எழுதி, கூலி பெற்றவரின் கையெழுத்தையும் வாங்க வேண்டும். பார்க்க ஆளில்லாமல் மாட்டை விற்றிருந்தால் விற்ற சீட்டு தேவை. நடவு செய்ய முடியாமல் நிலம் தரிசாகக் கிடந்தால் அந்தப் பருவ அடங்கலே அதைச் சொல்லும். "நிலம் இருக்கிறதே" என்ற வாதத்துக்கு இவையே பதில்.

ஒரு சான்றின் விலை

கணக்கிடும் முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 38 வயதான ஒரு விவசாயிக்கு நெல்லில் மாதச் சராசரியாக ரூ.3,000, காய்கறியில் ரூ.4,000, பாலில் ரூ.5,000, பிறர் நிலத்தில் செய்யும் வேலையில் ரூ.3,000 நிகரமாகக் கிடைப்பதாகக் கொள்வோம். மொத்தம் ரூ.15,000. இவை முறையை விளக்க எடுத்துக்கொண்ட எண்கள்.

2017இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அளித்த தீர்ப்பின்படி, சொந்தத் தொழில் செய்பவரின் வருமானம் எதிர்காலத்தில் உயரும் என்பதற்காக, 40 வயதுக்குட்பட்டோருக்கு 40 சதவீதமும், 40 முதல் 50 வரை 25 சதவீதமும், 50 முதல் 60 வரை 10 சதவீதமும் சேர்க்க வேண்டும். ஆண்டு வருமானத்தை எத்தனை ஆண்டுகளால் பெருக்குவது என்பதை 2009ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று வயது வாரியாக வரையறுத்தது. 36 முதல் 40 வயது வரை 15. 41 முதல் 45 வரை 14. 46 முதல் 50 வரை 13. 51 முதல் 55 வரை 11. 56 முதல் 60 வரை 9. 61 முதல் 65 வரை 7.

மேற்கண்ட விவசாயிக்கு ரூ.15,000 உடன் 40 சதவீதம் சேர்த்தால் மாதம் ரூ.21,000. ஆண்டுக்கு ரூ.2,52,000. இதை 15 ஆல் பெருக்கினால் ரூ.37,80,000. விபத்தால் அவரது சம்பாதிக்கும் திறன் 30 சதவீதம் நிரந்தரமாகக் குறைந்தது என்று தீர்மானமானால், அதற்குரிய இழப்பு ரூ.11,34,000.

அதே விவசாயி எந்தச் சான்றும் காட்டாததால் வருமானம் ரூ.10,000 என்று உத்தேசமாக எடுக்கப்பட்டால், அதே கணக்கில் கிடைப்பது ரூ.7,56,000. வேறுபாடு ரூ.3,78,000. பால் அட்டையும் நெல் ரசீதும் வரவு செலவு நோட்டும் இல்லாததற்கு அவர் கொடுக்கும் விலை இது. சிகிச்சைச் செலவு, படுக்கையில் இருந்த மாதங்களின் வருமான இழப்பு, வலிக்கும் வேதனைக்குமான தொகை ஆகியவை இதற்கு மேல் தனியே சேரும்.

30 சதவீதம் என்று சொன்னது உடல் ஊன அளவு அல்ல, தொழில் திறன் இழப்பு. இரண்டும் ஒன்றல்ல என்று உச்ச நீதிமன்றம் 2010இல் தெளிவாக்கியுள்ளது. முழங்கால் மடங்காதவர் நாற்காலியில் அமர்ந்து கணக்கு எழுதலாம். ஆனால் சேற்றில் இறங்கி நிற்கவோ, குந்தி அமர்ந்து பால் கறக்கவோ, வரப்பில் ஏறி இறங்கவோ, 16 லிட்டர் தெளிப்பானை முதுகில் சுமக்கவோ அவரால் முடியாது. ஆகவே ஊனச் சான்று அளிக்கும் மருத்துவரிடமும் தீர்ப்பாயத்திலும் "விவசாயம்" என்று ஒரு சொல்லில் முடிக்காமல், அன்றாடம் செய்த வேலைகளை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும்.

உயிரிழப்பு நேர்ந்தால்

குடும்பத் தலைவர் இறந்தால் அவரது வருமானத்தில் சொந்தச் செலவைக் கழித்து மீதி கணக்கிடப்படும். அவரை நம்பியிருப்போர் 2 அல்லது 3 பேர் என்றால் மூன்றில் ஒரு பங்கும், 4 முதல் 6 பேர் என்றால் நான்கில் ஒரு பங்கும் கழிக்கப்படும். இறந்தவருக்கு வயது 45, மாத வருமானம் ரூ.15,000, நம்பியிருப்போர் 4 பேர் எனில், 25 சதவீதம் சேர்த்து, கால் பங்கு கழித்து, 14 ஆல் பெருக்கினால் ரூ.23,62,500 வரும். ஈமச்சடங்குச் செலவு, துணையை இழந்ததற்கான தொகை போன்றவை தனி. பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்றிதழ், வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ் ஆகியவை தேவை.

இறந்தவர் அல்லது காயமடைந்தவர் பெண் என்றால் "வீட்டில் சும்மா இருந்தவர்" என்று எழுதக் கூடாது. வீட்டு வேலைக்கும் பண மதிப்பு கணக்கிட வேண்டும் என்று 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. நாற்று நட்டும், களை எடுத்தும், மாடு பராமரித்தும் வந்த பெண்ணின் உழைப்பை இதனுடன் சேர்த்துக் காட்ட வேண்டும். பால் அட்டை பெண்ணின் பெயரில் இருந்தால் அது நல்ல சான்று.

வங்கிப் புத்தகத்தையும் ஒரு முறை புரட்டிப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ரூ.20 பிடித்தம் செய்யப்பட்டிருந்தால், பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் விபத்து மரணத்துக்கு ரூ.2 லட்சம் உண்டு. இறந்த செய்தியை வங்கிக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். இது காரின் இன்சூரன்சிலிருந்து வரும் இழப்பீட்டுக்குப் புறம்பானது.

மாடும் வண்டியும் சேதமானால்

கார் மோதி உழவு மாடோ கறவை மாடோ இறந்தால் அதுவும் உடைமைச் சேதம். அதற்கும் காரின் இன்சூரன்சில் இழப்பீடு கேட்கலாம். இறந்த மாட்டை உடனே புதைத்துவிடக் கூடாது. போலீசில் புகார் செய்து, கால்நடை உதவி மருத்துவரைக் கொண்டு பரிசோதனை செய்து, மாட்டின் வயது, எத்தனையாவது ஈத்து, பால் அளவு, சந்தை மதிப்பு ஆகியவை அடங்கிய சான்று பெற வேண்டும். மாட்டுக்குத் தனி இன்சூரன்ஸ் இருந்தால் அந்தக் கம்பெனிக்கும் அன்றே தெரிவித்து, காதுவில்லையைப் பத்திரப்படுத்த வேண்டும். ஆனால் ஒரே மாட்டுக்கு இரண்டு இடத்தில் முழு விலை வாங்க முடியாது.

நொறுங்கிய மொபெட்டையோ டிராக்டரையோ மோட்டார் வாகன ஆய்வாளர் பார்வையிடும் முன் பழுதுபார்க்கக் கூடாது. பட்டறையில் மதிப்பீடு வாங்கி, உடைந்த பாகங்களையும் பில்லையும் வைத்திருக்க வேண்டும். உடைமைச் சேதத்துக்குப் பாலிசியில் உச்சவரம்பு உண்டு. அதற்கு மேற்பட்டதைக் கார் உரிமையாளரிடமே கோர வேண்டும்.

மனு எங்கே, எப்போது?

மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு செய்ய வேண்டும். "எம்.சி.ஓ.பி. கேஸ்" என்று மக்கள் சொல்வது இதைத்தான். விபத்து நடந்த பகுதி, விவசாயி வசிக்கும் பகுதி, எதிர்தரப்பார் வசிக்கும் பகுதி ஆகியவற்றில் எங்குள்ள தீர்ப்பாயத்திலும் மனு செய்யலாம். வெளியூரில் அடிபட்டவர் அங்கே அலைய வேண்டியதில்லை.

2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தப்படி, விபத்து நடந்த 6 மாதங்களுக்குள் மனு செய்ய வேண்டும். இந்தக் கால வரம்பை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் தொடரப்பட்ட போதிலும், அதை நம்பி நாளைக் கடத்துவது அறிவுடைமை ஆகாது.

அதே நாள் முதல், போலீசாருக்கும் கடமைகள் விதிக்கப்பட்டுள்ளன. விபத்து பற்றிய முதல் அறிக்கையை 48 மணி நேரத்துக்குள் தீர்ப்பாயத்துக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அனுப்ப வேண்டும். விரிவான அறிக்கையை 90 நாட்களுக்குள் தீர்ப்பாயத்தில் தாக்கல் செய்ய வேண்டும். கம்பெனி அதன்பின் 30 நாட்களுக்குள் தான் தரும் தொகையைத் தெரிவிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் தர வேண்டிய விவரத்துக்கு 6ஆம் எண் படிவம் உள்ளது. வருமானச் சான்றுகளைப் போலீசாரிடம் அப்போதே கொடுத்துவிட்டால் கம்பெனி குறைத்து மதிப்பிட இடமிராது.

கம்பெனி சொல்லும் தொகையை ஏற்பதும் மறுப்பதும் விவசாயியின் விருப்பம். மறுத்தால் தீர்ப்பாயம் விசாரித்து முடிவு செய்யும். யார் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லாமல் இறப்புக்கு ரூ.5 லட்சம், கொடுங்காயத்துக்கு ரூ.2.5 லட்சம் பெறும் பிரிவு ஒன்றும் சட்டத்தில் உண்டு. அதை ஏற்றுப் பணம் பெற்றுவிட்டால் கூடுதல் தொகைக்கான மனு செல்லாது. ஆகவே மேலே காட்டிய கணக்கைப் போட்டுப் பார்த்த பின்பே முடிவெடுக்க வேண்டும். லோக் அதாலத்தில் சமரசம் செய்துகொண்டால் பணம் விரைவில் கிடைக்கும். ஆனால் அம்முடிவை எதிர்த்து மேல்முறையீடு இல்லை.

மோதிய வண்டி நிற்காமல் போய், எது என்றே தெரியாவிட்டால் வேறு வழி உண்டு. இறப்புக்கு ரூ.2 லட்சமும் கொடுங்காயத்துக்கு ரூ.50,000மும் தரும் அரசுத் திட்டம் 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. இதற்கு வட்டாட்சியர் அல்லது கோட்ட வருவாய் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

விவசாயி தரப்பில் குறை இருந்தால்

இருவர் மீதும் தவறு என்று தீர்மானமானால் விவசாயியின் பங்குக்கு ஏற்ப இழப்பீடு குறையும். 25 சதவீதத் தவறு அவருடையது என்றால் ரூ.10 லட்சத்தில் ரூ.7.5 லட்சமே கிடைக்கும். இரவில் சிவப்பு விளக்கோ ஒளிரும் பட்டையோ இல்லாமல் கரும்பு டிரெய்லரைச் சாலையில் நிறுத்துதல், விளக்கில்லாத மாட்டுவண்டி, சாலையில் நெல்லோ உளுந்தோ காயப்போட்டுக் கல் அடுக்கி வைத்தல் ஆகியவை இத்தகைய வாதத்துக்கு இடம் தருபவை. இருசக்கர வாகனத்தில் தலைக்கவசம் அணியாதவருக்குத் தலையில் அடிபட்டால் தொகை குறைக்கப்படலாம். பணத்தைவிட உயிர் பெரிது என்பதால் இவற்றைத் தவிர்த்தல் இரட்டை நன்மை.

டிராக்டர் வைத்திருப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மட்கார்டிலும் டிரெய்லரிலும் ஆட்களை ஏற்றிச் சென்று விபத்து நேர்ந்தால், அவர்களுக்கு டிராக்டரின் பாலிசி பொறுப்பேற்காது என்று கம்பெனிகள் வாதிட்டு வென்றுள்ளன. அந்தச் சுமை உரிமையாளரின் தலையில் விழும்.

இன்றே செய்ய வேண்டியவை

பட்டா, சிட்டா, அடங்கல், பால் அட்டை, கொள்முதல் ரசீதுகள், வங்கிப் புத்தகம், சொந்த வண்டியின் பாலிசி ஆகியவற்றை ஓர் உறையில் போட்டு, அது எங்கே இருக்கிறது என்பதை மனைவியிடமும் வளர்ந்த பிள்ளைகளிடமும் சொல்லி வைக்க வேண்டும். அடிபட்டவர் மயக்கத்தில் கிடக்கும்போது அதைத் தேடி எடுக்க வேண்டியவர்கள் அவர்களே. வரவு செலவு நோட்டை இந்தப் பருவ விதைப்பிலிருந்தே தொடங்கலாம்.

விபத்து வராதிருக்கவே எல்லாரும் விரும்புவர். வந்துவிட்டால், பிறர் செய்த தவறுக்கு நிலத்தை அடகு வைக்கும் நிலை எந்த விவசாயக் குடும்பத்துக்கும் வரக் கூடாது. உறையிலுள்ள ரசீதுகளும் தினம் எழுதிய இரண்டு வரிகளும் அந்த நிலத்தைக் காக்கும்.